ஓர வேலை

லமினேட் நிலம் போடுகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்காரரிடம் ஒரு பொய் சொல்வார்கள்: “ஒரு நாள் வேலைதான்.” முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி ஒரு வரவேற்பறையை நிரப்புவது காலையில் தொடங்கினால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். வேலையால் வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நிலம் பளபளவென்று கிடக்கும். அவர் உடனே சோபாவை உள்ளே இழுக்க ஆள் கூப்பிடுவார். எங்கள் அண்ணை முழங்காலில் இருந்தபடியே கையை நீட்டி மறிப்பார்.

“பொறுங்கோ. ஓரம் இன்னும் கிடக்கு.”

“ஓரந்தானே, அதைப் பிறகு பாப்பம்.”

“பிறகு ஒருத்தரும் பாக்கிறேல்லை” என்பார் அண்ணை.

அது உண்மை. ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் சாப்பிடப் போயிருக்கிறேன். நிலம் போட்டபோது தவழ்ந்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் அலுமாரிப் பக்கத்திலும் சுவரோரம் இன்னும் விரல் அகலத்துக்குத் திறந்தபடி கிடக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்குவதற்கு முன் கண் அங்கே போகும். அண்ணையோடு வேலைக்குப் போனதால் பிடித்த வியாதி அது.

2000களின் தொடக்கத்தில், படிப்புக்கு விடுமுறை விட்ட கோடைகளில், அவரோடு போனேன். அண்ணை என்றாலும் உறவில்லை. ஊரில் தச்சுவேலை செய்தவர். கதவு நிலை, யன்னல், அலுமாரி எல்லாம் கைவந்தவர். இங்கே வந்து முதலில் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஒரு போர்த்துக்கீசக்காரரிடம் இந்த வேலையைப் பழகி, ஒரு பழைய வானை வாங்கித் தனியாக எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்தார். பலகை அடுக்குவது அவரும் இன்னொருவரும். அளக்கிறது, பிடிக்கிறது, கூட்டுகிறது, சொன்னதை எடுத்துக் கொடுக்கிறது நான். ஓர வேலை தொடங்கும்போது மற்றவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நானும் அண்ணையும் மிஞ்சுவோம்.

செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் வாழ்க்கையைத் தொடங்கிய எங்கள் சனம் ஸ்காபரோவில் வீடு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பெரும்பாலும் 1950, 60களில் கட்டிய பங்களாக்கள். சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை காப்பெட்டைக் கிளப்புவது. முன்னிருந்தவரின் நாயும் சிகரெட்டும் அதற்குள்ளேயே குடியிருக்கும். அதோடு, நிலத்தில் இருந்து சாப்பிடவும் ஈரத்துணியால் துடைக்கவும் பழகிய ஆட்களுக்குக் காப்பெட் ஒருநாளும் ஒத்துவராது. அசல் மரப்பலகைக்குக் காசு காணாது. ஆகவே லமினேட்.

அண்ணை அதைப் பற்றி மாயம் எதுவும் காட்டமாட்டார். “அக்கா, இது மரமில்லை, மரத்தின்ர படம்” என்று பெட்டியை உடைக்கும்போதே சொல்லிவிடுவார். சரியாகத்தான் சொன்னார். மேலே தெரிகிற ஓக் மரத்தின் வரிகள் தாளில் அச்சடித்தவை. அதற்கு மேலே மெலமைன் பிசினும் அலுமினியம் ஒக்சைட்டும் சேர்ந்த ஒரு மெல்லிய காப்புப் படை. அதனால்தான் செருப்புக் கீறல் இலேசில் விழுவதில்லை. சுவீடனில் சமையலறை மேசைகளுக்கான லமினேட் தகடு செய்துவந்த பெர்ஸ்டோர்ப் நிறுவனத்தார் 1977இல் இந்த யோசனையைக் கண்டுபிடித்து, 1984இல் பெர்கோ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மேசையில் இருந்த தகடு நிலத்துக்கு இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற உடம்பு மரந்தான்: மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய எச்.டி.எஃப். பலகை. மரத்தின் குணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஈரம் கண்டால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும்.

ரொறன்ரோவில் இரண்டும் வஞ்சகமில்லாமல் நடக்கும். தை, மாசியில் வெளியே உறைபனி. உள்ளே இரவு பகலாக வெப்பமூட்டி ஓடி வீட்டுக் காற்றை வறட்டிவிடும். ஆடி, ஆவணியில் ஒன்ராறியோ ஏரிக்காற்றின் புழுக்கம். லமினேட்டை நிலத்தில் ஒட்டுவதுமில்லை, ஆணி அடிப்பதுமில்லை. பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே தகடாகக் கீழே விரித்த நுரைத்தாளின் மேல் சும்மா கிடக்கின்றன. அறை முழுவதும் ஒரே பலகை என்று வைத்துக்கொண்டால், அது கோடையில் நாலு பக்கமும் நீளப் பார்க்கும். மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்று கைக்கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் சுவர் முழுக்க எட்டிலிருந்து பத்து மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். இங்கத்தைய தச்சர் பேச்சில் அங்குலத்தில் எட்டில் மூன்று. இடைவெளி பிசகாமல் இருக்க மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் கடையில் விற்கிறார்கள். அண்ணை அவற்றை வாங்கியதேயில்லை. வெட்டி எறிந்த லமினேட் துண்டுகளையே சுவருக்கும் பலகைக்கும் இடையில் செருகுவார். ஓர வேலையின் முதற்காரியம் அவற்றை ஒன்று விடாமல் பிடுங்குவது. ஒரு துண்டை மறந்தாலும் அந்த இடத்தில் நிலம் சுவரோடு முட்டிக்கொண்டுவிடும்.

இந்த இடைவெளியை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கார்த்திகை மழை பிடித்தால் வேப்பமரக் கதவு நிலையோடு இறுகும்; தோளால் தள்ளித்தான் திறக்க வேண்டும். பங்குனி வெயிலுக்கு அதே கதவு ஆடும். “மாரியில இறுகும் எண்டு தெரிஞ்சுதான் கோடையில சீவிறது. இஞ்சை மாரியும் கோடையும் தலைகீழ். வேறை ஒண்டும் இல்லைத் தம்பி.” அவ்வளவு சுருக்கமாக நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

வேலையில் பாதிப்பேர் இதைத் தெரிந்துகொண்டே இடைவெளி விடுவார்கள். பிறகு அதை மூடும்போது கெடுத்துவிடுவார்கள். ஒரு ஆடி மாதம் மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தது. முந்திய பனிக்காலத்தில் வேறு யாரோ போட்ட நிலம். வரவேற்பறையின் நடுவில், பாயின் கீழே பூனை படுத்திருப்பதுபோல் ஒரு மேடு. காலால் மிதித்தால் ‘டொக்’ என்று இறங்கும்; காலை எடுத்தால் மறுபடி எழும்பும். கீழே தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னாராம். பலகையே கூடாத சரக்கு, முழுவதையும் கிளப்பி எறிய வேண்டும் என்று இன்னொருவர். வீட்டுக்கார அன்ரி கிட்டத்தட்ட அழுகிற நிலையில் நின்றார்.

அண்ணை மேட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சுவரோரம் போய் முழங்காலில் இருந்து கன்னத்தை நிலத்தோடு வைத்தார். சுவரடிப் பலகையான பேஸ்போட்டுக்கு முன்னால் குவாட்டர் ரவுண்ட் அடித்திருந்தார்கள். வட்டக் கம்பை நாலாகப் பிளந்ததில் ஒரு பங்கு போன்ற முக்கால் அங்குலச் சட்டம் அது. ஆணித்துளைகளை விரலால் தடவிக்கொண்டே போனார். என்னையும் தடவச் சொன்னார். துளைகள் சட்டத்தின் மேல்முதுகில், கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. ஆணி சட்டத்துக்குள்ளால் போய், லமினேட்டையும் துளைத்து, அடிப்பலகைவரை இறங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, எதிர்ச்சுவரிலும் அப்படியே. பனிக்காலத்தில் சுருங்கியிருந்த நிலத்தை இரண்டு பக்கமும் அறைந்து வைத்திருக்கிறார்கள். கோடையில் அது எங்கே போகும்? மேலேதான் போகும்.

சட்டங்களைக் கழற்றினோம். ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினோம். ஒரு சுவரில் பலகை பிளாஸ்டரை முட்டிக்கொண்டு நின்றதால் அந்த ஓரத்தைச் சிறிய வாளால் விரலகலம் வெட்டி எடுத்தார். மேட்டின் மேல், வானில் கிடந்த பிரிக்காத லமினேட் பெட்டிகளை ஏற்றி வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் போனபோது நிலம் மட்டமாகக் கிடந்தது. அதே சட்டங்களை இம்முறை படுக்கைவாக்கில், பேஸ்போட்டுக்குள் ஆணி இறங்கும்படி அடித்தோம். வேலையே அவ்வளவுதான். சட்டம் சுவருக்குச் சொந்தம், நிலத்துக்கு இல்லை. நிலம் அதன் கீழே போய்வர வேண்டும். அன்ரி கொடுத்த காசில் பாதியை அண்ணை திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

பேஸ்போட்டைக் கழற்றுவதா, விட்டுவிட்டு முன்னால் குவாட்டர் ரவுண்ட் வைப்பதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் எழுகிற வழக்கு. கழற்றி, நிலம் போட்டு, அதையே திரும்பப் பூட்டினால் பார்வைக்குச் சுத்தம். குவாட்டர் ரவுண்ட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் பிறகு ஒட்டிய ஒன்று என்பது தெரியத்தான் செய்யும். என் தெரிவு எப்போதும் கழற்றுவதுதான். ஆனால் பழைய பங்களாக்களில் பேஸ்போட்டை நெம்பினால் பிளாஸ்டரும் கூடவே பெயர்ந்து வரும். பிறகு சுவர் வேலை தனி. அதனால் பெரும்பாலும் அண்ணையின் கட்சியே வென்றது. கழற்றிய வீடுகளில் அவர் முறை இதுதான்: சுவரும் பலகையும் சேரும் வர்ணக்கோட்டைக் கத்தியால் கீறி, அகலக் கரண்டியைச் செருகி, அதற்குப் பின்னால் ஒரு மரத்துண்டை வைத்து நெம்புவது. வந்த பலகையின் முதுகில் பென்சிலால் ‘வடக்கு 1’, ‘வடக்கு 2’, ‘யன்னலடி’ என்று தமிழில் எழுதுவது. ஒரு வீட்டில் பலகையைத் திருப்பினால் அங்கே ஏற்கெனவே பென்சிலில் எழுதியிருந்தது, இத்தாலிய மொழியில், நீள அளவுகளோடு. அந்தக் காலத்து ரொறன்ரோவைக் கட்டியதில் இத்தாலியர் பங்கு பெரியது. அண்ணை அந்த எழுத்தை அழிக்கவில்லை. தன்னுடையதைப் பக்கத்தில் எழுதினார்.

கதவு நிலையடிதான் பழகாதவர் கையைக் காட்டிக்கொடுக்கும் இடம். நிலையின் சட்டம் வளைவும் மடிப்புமாக இறங்கும். அதன் வடிவத்துக்கு லமினேட்டை வெட்டிப் பொருத்தப் பார்ப்பவர்கள் கடைசியில் கோக்கிங் பசையை அப்பி மூடுவார்கள். செய்ய வேண்டியது மறுவளம். வெட்ட வேண்டியது நிலத்தை அல்ல, நிலையை. நுரைத்தாளின் மேல் ஒரு லமினேட் துண்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இழுப்பு வாளைப் படுக்கவைத்து நிலைச்சட்டத்தின் அடியை அறுத்தால், வரப்போகிற நிலத்தின் உயரத்துக்குச் சரியாக ஒரு வாய் திறக்கும். பலகை அதற்குள் போய்விடும். ஓரமே தெரியாது. பலகையைச் சரித்துக் கொளுவ இடமில்லாத நிலையடியில் கொளுவியின் உதட்டை உளியால் சீவிவிட்டு, பசை பூசி, மட்டமாகவே உள்ளே தள்ளுவார். கொளுவி வந்ததே 1996, 97 அளவில்தான். வாலிங்கே என்ற சுவீடன் நிறுவனமும் யூனிலின் என்ற பெல்ஜிய நிறுவனமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கொண்டுவந்தன. அதற்கு முன் ஒவ்வொரு பலகைக்கும் பசை, பட்டி போட்டு இறுக்கு, பிதுங்கியதைத் துடை என்று பட்டவர் அண்ணை. அந்தக் காலம் பற்றிக் கேட்டால் முழங்காலைத் தடவுவாரே தவிர எதுவும் சொல்லமாட்டார்.

சட்டம் வெட்டுவதைப் பார்க்க நான் எந்த வேலையையும் விட்டுவிட்டு ஓடுவேன். மூலை என்றால் தொண்ணூறு பாகை, ஆளுக்கு நாற்பத்தைந்து என்று பள்ளிக்கூடக் கேத்திர கணிதம் சொல்கிறது. ஸ்காபரோ பங்களாவில் தொண்ணூறு பாகை மூலையை நான் கண்டதில்லை. பிளாஸ்டர் பூசியவரின் கை, அதன்மேல் ஏறிய வர்ணப் படைகள், வீடு ஒரு பக்கம் இறங்கியது எல்லாம் சேர்ந்து எண்பத்தெட்டோ தொண்ணூற்றிரண்டோ ஆக்கிவிடும். அண்ணையின் காற்சட்டைப் பையில் நாற்பத்தைந்தில் வெட்டிய இரண்டு சாண் துண்டுகள் எப்போதும் இருக்கும். மூலையில் இரண்டையும் வைத்து அழுத்திப் பார்ப்பார். சுவர்ப்பக்கம் விரிந்தால் கவலையில்லை, கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கம் விரிந்தால் மைட்டர் சோவுக்குத் திரும்புவார். கோணத்தை மாற்ற வாளின் தட்டைத் தொடமாட்டார். பையிலிருந்து ஒரு பழைய 6/49 லொத்தர்ச் சீட்டை எடுத்து இரண்டாக மடித்து, சட்டத்துக்கும் வாளின் முதுகுவேலிக்கும் இடையில் ஒரு நுனியில் வைப்பார். சட்டம் மயிரிழை திரும்பும். வெட்டுவார், மூலையில் வைத்துப் பார்ப்பார். போதாவிட்டால் இன்னொரு மடிப்பு. “இந்தச் சீட்டு ஒருநாளும் விழுந்ததில்லை. இதுக்காவது உதவட்டும்.”

உள்மூலைக்கு அவர் இரண்டு நாற்பத்தைந்துகளைச் சேர்ப்பதேயில்லை. முதற்சட்டம் நேராகச் சுவரில் போய் முட்டும். இரண்டாவது சட்டத்தின் தலையை மட்டும் முதற்சட்டத்தின் வளைவுக்கு ஏற்ப, மெல்லிய அலகுள்ள வில்வாளால் குடைந்து எடுத்து, அதன்மேல் ஏறி உட்காரவைப்பார். பனிக்காலத்தில் மரம் சுருங்கி இழுத்தாலும் மூலை வாய் பிளக்காது. அதைவிடப் பொறுமை வேண்டியது கதவு நிலையில் சட்டம் முடியும் இடம். குவாட்டர் ரவுண்ட் நிலைச்சட்டத்தைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். வெட்டுமுகம் வாசலில் வருகிறவர் கண்ணில் படும். அதை மூட ஒரு முக்கோணத் துண்டு வெட்ட வேண்டும், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். வாள் அதை வெட்டிய கையோடு எங்காவது வீசிவிடும். மரத்தூளுக்குள் அதைத் தேடி எடுப்பது என் பொறுப்பு. ஆணி அடித்தால் பிளந்துவிடும் என்பதால் பசை தடவி, வர்ணக்காரர் ஒட்டுநாடாவால் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இருப்போம். எழும்பி வந்து நாடாவை உரித்தால் சட்டம் தானாக வளைந்து சுவருக்குள் போனதுபோல் தெரியும். வீட்டுக்காரர் யாரும் அதைக் கவனித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மற்ற ஓரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறைக்கும் அறைக்கும் நடுவே கதவடியில் ரி வடிவப் பட்டி. அதன் தடம் கீழே அடிநிலத்தில் திருகப்படும், இரண்டு பக்க லமினேட்டும் அதன் செட்டைக்குக் கீழே சுதந்திரமாக நிற்கும். பக்கத்தில் தாழ்ந்த நிலமானால் சரிவுப் பட்டி. குளியல் தொட்டியின் பக்கத்தில் சட்டம் வைக்க முடியாத இடத்தில் இடைவெளிக்குள் நுரைக்கயிற்றைத் திணித்து மேலே சிலிக்கோன். வெந்நீர்க் குழாய் நிலத்தால் எழும்புகிற பழைய அடுக்குமாடிகளில் குழாயைவிடப் பெரிதாகத் துளைத்து, மேலே வளையம். இவை எல்லாவற்றிலும் விதி ஒன்றுதான், இடைவெளியை மறை, நிலத்தைப் பிடிக்காதே. படிக்கட்டு மட்டும் விலக்கு. படியின் மூக்குப்பட்டி அசையவே கூடாது. பசையும் திருகாணியும் இரண்டும் வேண்டும். அங்கே ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால் ஒருநாள் யாரோ ஒரு அம்மம்மா கீழே விழுவார்.

கடைசியாக வருவது கோக்கிங். பேஸ்போட்டின் மேல்விளிம்பும் சுவரும் சேரும் கோட்டில் மெல்லிய நூலாக விட்டு, நனைத்த விரலால் ஒரே இழுவையில் தடவ வேண்டும். நடுவில் விரலை எடுத்தால் தழும்பு விழும். இதை அண்ணை என்னிடமே விட்டுவிட்டார். தன் விரல் தடித்துப்போய்விட்டது என்பது அவர் சொன்ன காரணம். கீழ்விளிம்பில், சட்டமும் லமினேட்டும் தொடும் இடத்தில், ஒரு துளிகூட விடக் கூடாது. பல வேலைக்காரர் அங்கேயும் அப்பிவிட்டுப் போகிறார்கள். முதல் கோடை வந்ததும் அது கிழிந்து அழுக்கு நூலாகத் தொங்கும்.

ஓரத்தை விட்டுவைப்பதன் விலையை ஒரு பால்காய்ச்சு நாளில் பார்த்தேன். சாத்திரியார் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். சட்டத்துக்குப் பூசிய வர்ணம் இன்னும் காயவில்லை. ஐயர் வந்தார், கும்பம் வைத்தார், சனம் நிறைந்தது. இரண்டு நாள் கழித்து நாங்கள் சட்டத்தோடு போனபோது சுவரோர இடைவெளிக்குள் பச்சரிசி, அறுகம்புல், கற்பூரத் துகள், சில்லறைக் காசு, ஒரு தோட்டுச் சுரை. சுரையைக் கண்டதும் வீட்டுக்கார அக்காவின் முகம் மலர்ந்தது. அதைத் தேடி குப்பைப் பையையே கொட்டிப் பார்த்திருந்தாராம். சமையலறை வாசலோரம் வேறு கதை. கும்பத் தண்ணீரோ பானைத் தண்ணீரோ சிந்தி, துடைக்க முன் ஓரத்தால் இறங்கியிருந்தது. லமினேட்டின் மேற்பக்கம் தண்ணீரை ஏற்காது. வெட்டிய ஓரம் வெறும் மரநார், கண்டபடி குடிக்கும். இரண்டு பலகைகளின் விளிம்பு பருத்து உதடு பிதுங்கியிருந்தது, ஒருமுறை பருத்தால் காய்ந்தாலும் திரும்ப இறங்காது. யாரிலும் பிழையில்லை, நாள் அப்படி அமைந்துவிட்டது. ஓரம் மூடாமல் இருந்ததில் ஒரு வசதி, கடைசி வரிகளைக் கழற்றிப் புதிய பலகை மாற்ற அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. அறை நடுவில் நடந்திருந்தால் பாதி நிலத்தைக் கிளப்பியிருப்போம்.

காசுக் கணக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கு, ஓரத்துக்கு நீள அடிக் கணக்கு. 12க்கு 12 அறை 144 சதுர அடி. அதன் சுற்று 48 அடி. காகிதத்தில் 48 சிறிய எண். ஆனால் அந்த 144ஐ நாங்கள் அரை நாளில் முடித்தோம். 48க்கு மிச்ச அரை நாளும் போய்விடும், மூலை அதிகமானால் மறுநாளும். போட்டிக்கு விலை குறைக்கிறவர்கள் கைவைப்பது எப்போதும் இந்த 48இல்தான். “ஓரம் சும்மா அடிச்சுத் தாறம்” என்று சொல்கிறவர்களை அண்ணைக்குப் பிடிக்காது. சும்மா கிடைப்பது சும்மா அடித்ததாகவே இருக்கும் என்பது அவர் கணிப்பு. நான் பார்த்தவரை அது பிழைக்கவில்லை.

அவர் இப்போது வேலை செய்வதில்லை, முழங்கால் இரண்டும் போய்விட்டன. யாராவது நிலம் போட ஆள் கேட்டால் என்னிடம் அனுப்புகிறார். நானும் வேலை செய்வதில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். நீங்களும் ஆள் பேசப் போகிறீர்களானால் சதுர அடி விலையோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கதவு நிலையை அறுப்பீர்களா, குவாட்டர் ரவுண்டின் ஆணியை எதற்குள் அடிப்பீர்கள்? முதலாவதற்கு “தேவையில்லை” என்றாலும், இரண்டாவதற்கு “நிலத்துக்குள்” என்றாலும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.